திரைச்சீலைக்கு எதிராக

போன சித்திரையில் அம்மா கோவில்பட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் 2.30 மணி. ஹாலில் நான்கு எல்இடி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஏசி 24இல் ஓடியது. சீலிங்கிலிருந்து தரை வரை சாம்பல் நிறக் கர்ட்டன், ஒரு கோடு வெளிச்சம்கூட நுழையாதபடி இழுத்து மூடியிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஏய்யா, என்ன பட்டப்பகல்ல லைட்டப் போட்டு உக்காந்திருக்கீக? யாருக்கும் ஒடம்பு சரியில்லயா?"

எங்கள் ஊரில் ஜன்னலை முழுக்க மூடுவது இரண்டு சமயங்களில்தான். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருக்க வேண்டும், அல்லது வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போக வேண்டும். அம்மாவின் கேள்வியில் கேலி எதுவும் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு, "வெயிலும்மா, மேற்கு பாத்த வீடு" என்றேன். "அதான் மூடிட்டீகளே, பெறகு எதுக்கு ஏசி?" என்றார்.

பன்னிரண்டு வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். ஒரு பிழையைக் கண்டுபிடிக்க, அது எங்கே உள்ளே நுழைகிறது என்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போனதன் விளைவு. சுருக்கமாகச் சொன்னால், நம் வீடுகளில் இன்று தொங்கும் கர்ட்டன்களில் பெரும்பாலானவை தேவையில்லாதவை, தவறான இடத்தில் தொங்குபவை, நம்மை ஏமாற்றுபவை என்பது என் கட்சி. என் வீட்டுக் கர்ட்டனில் இருந்தே தொடங்குகிறேன்.

1

ஊரில் அதற்குப் பெயர் ஸ்கிரீன். சென்னைக்கு வந்ததும் கர்ட்டன் ஆனது. கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியபோது இன்டீரியர் செய்ய வந்த இளைஞர் 'விண்டோ டிரீட்மென்ட்' என்றார். ஜன்னலுக்கு என்ன நோய் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் மடிக்கணினியில் காட்டிய படங்களில் மயங்கிக் கிடந்தேன்.

அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவர், வெளிர் மரத்தரை, மெல்லிய ஷியர் துணி வழியாகப் பால்போல இறங்கும் வெளிச்சம், ஒரு சோபா, ஒரு செடி, ஒரு பூனை. அந்த வெளிச்சம் வடக்கு ஐரோப்பாவின் வெளிச்சம். அங்கே சூரியன் வருவதே விருந்தாளி மாதிரி. அதை வடிகட்டி, மெதுவாக்கி, அறை முழுக்கப் பரப்பி வைத்துக்கொள்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏழாவது மாடியில், மேற்குப் பார்த்த கண்ணாடிக் கதவில் மாலை 4 மணிக்கு வந்து அறையும் வெயிலுக்கும் அந்தப் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

விதிமுறைகள் ஏகப்பட்டவை சொன்னார். ராடை ஜன்னலுக்கு மேலே ஒட்டி அடிக்கக் கூடாது, சீலிங்கை ஒட்டி அடிக்க வேண்டும், அப்போதுதான் அறை உயரமாகத் தெரியும். இரண்டு பக்கமும் அரையடி நீட்ட வேண்டும், அப்போதுதான் ஜன்னல் அகலமாகத் தெரியும். துணி, ஜன்னல் அகலத்தைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு இருக்க வேண்டும், அப்போதுதான் மடிப்பு செழிப்பாக விழும். இரட்டை ராடு: முன்னால் பிளாக்அவுட், பின்னால் ஷியர். எல்லாம் சரிதான், தொழில் தெரிந்த பையன். ஆனால் வாக்கியங்களைக் கவனியுங்கள்: உயரமாகத் தெரியும், அகலமாகத் தெரியும், செழிப்பாகத் தெரியும். எல்லாமே 'தெரியும்'. ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்ற கேள்வியை அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 38,000 ரூபாய் கொடுத்தேன்.

2

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். மூடிய பிறகும் ஏன் சுடுகிறது?

என் பால்கனிக் கதவு 8 அடி அகலம், 7 அடி உயரம். 5 சதுர மீட்டருக்குச் சற்று மேல். தெளிந்த வானமுள்ள கோடை நாளில் மாலை 4 மணி வாக்கில் மேற்குப் பக்கச் சுவரின் மீது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 வாட் வெயில் விழுகிறது. சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். அதாவது சுமார் 2,000 வாட். புரியும்படி சொன்னால், ஹாலின் நடுவே இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது. ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய வெப்பம் 3,500 வாட். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு கதவுக்கே சரியாய்ப் போயிற்று.

கர்ட்டன் இதைத் தடுக்காதா? இங்கேதான் ஏமாற்று வேலை. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் கர்ட்டனைச் சந்திக்கிறது. வெளிர் துணியாக இருந்தால் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், அது வாஸ்தவம். மீதியை உறிஞ்சிக்கொண்டு துணி சூடாகும். சூடான துணி தன் பங்குக்கு வெப்பத்தை உமிழும். ஆனால் இந்த வெப்பம் வேறு வகை, நெடிய அலை. சூரிய ஒளியைத் தாராளமாக உள்ளே விட்ட அதே கண்ணாடி, இதை வெளியே விடாது. குளிர்நாட்டில் கண்ணாடிக் கூடாரம் போட்டுத் தக்காளி வளர்ப்பது இதே ஏற்பாட்டில்தான். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே சூடான காற்று மேலே எழும்பி, நாம் அழகுக்காகச் சீலிங் வரை ஏற்றி அடித்த ராடின் இடுக்கு வழியாக அறைக்குள் கொட்டும்.

ஒரு நாள் அகச்சிவப்பு வெப்பமானியை வைத்துக் கர்ட்டனின் உட்புறத்தை அளந்தேன். 43 டிகிரி. காசு கொடுத்து வாங்கி, அளவெடுத்துத் தைத்து, வீட்டுக்குள் நானே ஒரு ரேடியேட்டரை மாட்டி வைத்திருக்கிறேன். இருட்டாக இருப்பதால் குளிர்ச்சியாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். இருட்டும் குளிர்ச்சியும் ஒன்றல்ல. கண்ணை ஏமாற்றலாம், கரண்டு பில்லை ஏமாற்ற முடியாது.

வெயிலைத் தடுக்க வேண்டிய இடம் கண்ணாடிக்கு வெளியே. சூடாக வேண்டிய பொருள் வெளியே சூடாகட்டும், காற்று அதை அடித்துக்கொண்டு போகட்டும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. 2018இல் மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்பு அமைப்பு குடியிருப்புகளுக்காக வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, சுவர், ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும் வெப்பத்துக்கு, குளிர்ப் பிரதேசங்கள் நீங்கலாக, சதுர மீட்டருக்கு 15 வாட் என்று சராசரி உச்சவரம்பு வைக்கிறது. அந்தக் கணக்கில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய சன்ஷேடுக்கும் பக்கவாட்டுத் தடுப்புக்கும் மதிப்பு உண்டு. உள்ளே தொங்கும் உங்கள் பட்டுத் துணி கணக்கிலேயே வராது.

3

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. நாலு மரக்கதவு: கீழே இரண்டு, மேலே இரண்டு. நடுவே நெட்டுக்குத்தாக இரும்புக் கம்பிகள். மேலே வெளிப்பக்கம் இரண்டடி சன்ஷேடு. காலையில் எல்லாம் திறந்திருக்கும். வெயில் ஏற ஏற அம்மா கீழ்க்கதவுகளைச் சாத்துவார். மேல்பாதி வழியாகக் காற்றும் வெளிச்சமும் வந்துகொண்டிருக்கும், தெருவில் போகிறவருக்கு உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாது. சாயங்காலம் மறுபடி எல்லாம் திறக்கும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை அந்தக் கதவுகள் அசையும். அதை யாரும் 'டிரீட்மென்ட்' என்று சொன்னதில்லை.

ஸ்கிரீனும் இருந்தது. இரண்டு ஆணிக்கு நடுவே ஸ்பிரிங் கம்பி, அதில் அம்மாவின் பழைய வாயில் புடவையை வெட்டித் தைத்த அரை ஸ்கிரீன். கீழ்ப்பாதிக்கு மட்டும். கதவைத் திறந்தும் வைக்கலாம், மறைவும் இருக்கும். செலவு ஒரு ஸ்பிரிங், நாலு கொக்கி. சின்ன வயதில் அந்த அரை ஸ்கிரீன் எனக்கு அவமானமாக இருந்தது. சினிமா வீடுகளில் வருவதுபோல முழு நீளத் திரை வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறேன். இன்று பார்த்தால் அந்த அரைத் துணியில் ஒரு முழு யோசனை இருந்திருக்கிறது. மனிதக் கண் மட்டத்தில் மறைவு, அதற்கு மேலே காற்று.

காற்று என்றதும் ஒன்று. ஜன்னலுக்குப் பழந்தமிழில் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் வருகிற சொல். திரைக்கு எழினி என்று பெயர், அதுவும் சிலப்பதிகாரத்தில் வருகிறது. எங்கே? மாதவி ஆடிய அரங்கில். ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வது, மேலிருந்து இறங்குவது என்று மூன்று வகை. இன்றைய ஷோரூமில் நீங்கள் பார்க்கும் மூன்று வகையும் அதேதான். திரை நாடக மேடைக்கு உரியது, காலதர் வீட்டுக்கு உரியது. காற்றின் வழியை அடைத்து நாம் அங்கே மேடை கட்டியிருக்கிறோம். (இப்போது நாம் சொல்லும் ஜன்னல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. வந்த சொல் காற்றோடு வந்தது. வந்த துணிதான் காற்றை நிறுத்தியது.)

உடனே 'முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' கோஷ்டி என்று என்னைச் சேர்த்துவிடாதீர்கள். பழைய வீடுகளில் இருட்டும் புகையும் இருந்தன. எந்த அறையில் யார் காற்று வாங்கலாம், யார் அடுப்படியில் வேக வேண்டும் என்பதில் அநியாயம் இருந்தது. நான் சொல்வது பழம்பெருமை இல்லை, வெயில் கணக்கு. வெயில் நாடுகள் எல்லாம் இந்தக் கணக்கைப் போட்டிருக்கின்றன. இத்தாலி, ஸ்பெயின் போன்ற ஐரோப்பிய நாடுகளிலேயே ஜன்னலுக்கு வெளியே சட்டம் போட்ட மரக்கதவுகளும் சுருட்டு ஷட்டர்களும் உண்டு. வெளியே மாட்டுவதுதான் விஷயம். பாண்டிச்சேரி வெள்ளைக்காரத் தெருக்களில் நீங்கள் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் அந்தப் பலகை ஜன்னல்களும் அதே வகைதான். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி ஜாலிச் சுவர் எழுப்பினார். வெளிச்சம் வரும், காற்று வரும், வெயில் வராது. கனத்த மடிப்புத் திரை என்பது குளிரில் ஜன்னல் இடுக்கு வழியே வரும் ஈரக்காற்றை நிறுத்த இங்கிலாந்து போன்ற நாடுகள் கண்ட வழி. நாம் நகலெடுக்க ஐரோப்பாவில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தோம், அதுவும் தவறான பகுதி.

4

இதை வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டார்: "சரி, எதுத்த பிளாக்ல இருந்து பாக்கிறவனுக்கு என்ன பண்ணுவீங்க? உங்க அகச்சிவப்பு மெஷினக் காட்டுவீங்களா?"

நியாயமான கேள்வி. கர்ட்டனுக்கு எதிராக எழுதும் ஆண்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் கேள்வியும்கூட. எதிர் பிளாக் 40 அடி தூரம். வீட்டுக்குள் நைட்டியோடு நடமாட முடியாத வீடு என்ன வீடு? மறைவு ஆடம்பரம் அல்ல, அடிப்படை.

ஆனால் மறைவுக்கும் பிளாக்அவுட்டுக்கும் சம்பந்தம் குறைவு. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. மெல்லிய துணி ஒன்று போதும், உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. மூங்கில் தட்டியும் அப்படித்தான். இரவில் கணக்கு தலைகீழ். உள்ளே விளக்கு எரியும்போது மெல்லிய துணி கண்ணாடி மாதிரி. அப்போது கெட்டித் துணி வேண்டும். ஆக கனமான திரையின் வேலை நேரம் இரவு. நம் வீடுகளில் நடப்பது என்ன? பகல் முழுக்க கெட்டித் திரை மூடியிருக்கிறது. ராத்திரி காற்றுக்காகத் திறந்துவிட்டு விளக்கைப் போடுகிறோம். எதிர் பிளாக்காரருக்கு நம் ஹால் சீரியல் மாதிரி ஓடுகிறது.

பிளாக்அவுட் என்ற சொல்லையே பாருங்கள். இரண்டாம் உலகப்போரில், 1939 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் ஒவ்வொரு ஜன்னலையும் இரவில் கறுப்புத் துணியால் மூடச் சொன்னார்கள். குண்டு போட வரும் விமானத்துக்கு வீட்டு வெளிச்சம் தெரியக் கூடாது என்பதற்காக. உள்ளே இருக்கும் வெளிச்சம் வெளியே போகாமல் இருக்கப் பிறந்த துணி அது. ஜப்பான் பயத்தில் மதராஸே காலியான 1942இல் இந்த ஊரும் விளக்கை அடக்கிக்கொண்டு இருந்தது. இன்று எந்த விமானமும் வரவில்லை. நாமே விரும்பிப் பகலை அணைத்துவிட்டு, 4 எல்இடியைப் போட்டுக்கொள்கிறோம்.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். பகலில் தூங்கியே தீர வேண்டியவர்களுக்கு இருட்டு வேண்டும். இரவுப் பணி செவிலியர்கள், டிரைவர்கள், அமெரிக்கக் கடிகாரத்துக்கு வேலை பார்க்கும் என் போன்றவர்கள். மூன்று வருடம் அதிகாலை 4 மணிக்குப் படுத்தவன் நான். படுக்கையறையில் என் பிளாக்அவுட் இன்னும் தொங்குகிறது. ஆனால் அது ஒரு தொழில் நோய்க்கான மருந்து. மருந்தை ஹால், சாப்பாட்டு மேசை, குழந்தை விளையாடும் அறை என்று எல்லா இடத்திலும் தெளித்து வைப்பது எந்த வைத்தியம்?

5

அம்மா இருந்த அந்த மாதத்திலேயே ஒரு மூங்கில் தட்டி வாங்கினேன். பால்கனியின் வெளி விளிம்பில், கைப்பிடிக்கு மேலே, கயிறு இழுத்தால் சுருளும்படி கட்டினேன். நம் அட்சரேகையில் இதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னை 13 டிகிரி வடக்கு. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மதியச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். உச்சி வெயிலை ஒரு சன்ஷேடு சமாளித்துவிடும். மாலை வெயில் அப்படி இல்லை, சாய்ந்து சாய்ந்து சன்ஷேடுக்குக் கீழே புகுந்து வரும். என் பால்கனியின் 3 அடி ஆழம் அதற்குப் போதாது. மேற்குக்கு செங்குத்தான மறைப்புதான் ஒரே வழி: தட்டி, கொடி, அல்லது மரம்.

தட்டி ஏறியதும் 4 மணிக்குக் கர்ட்டனைத் திறந்து வைக்க முடிந்தது. விளக்கை அணைத்தோம். அதே இடத்தில் திரைத்துணியை அளந்தபோது 34 டிகிரி. ஒரு வீடு, ஒரு கதவு, சில நாள்கள். இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த வரிவரியான நிழலில் உட்கார்ந்து பூண்டு உரித்தார். "இப்பதான் மணி என்னன்னு தெரியுது" என்றார். அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. மூடிய அந்த ஹாலில் அவருக்குக் காலை, மதியம், சாயங்காலம் என்ற மூன்றும் இல்லாமல் போயிருந்தது.

பத்தாவது நாள் அசோசியேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தது. கட்டடத்தின் வெளித்தோற்றத்தைக் கெடுக்கும் எதையும் பால்கனியில் கட்டக் கூடாது, ஏழு நாளில் அகற்றவும். நேரில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் சங்கடத்தோடு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க சார். வெளிய இருந்து பாத்தா ஹவுசிங் போர்டு மாதிரி இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

எங்கள் ஏழாவது மாடியிலிருந்து பார்த்தால் ஹவுசிங் போர்டு குடியிருப்பு தெரியும். அங்கே மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே பழைய புடவை, சாக்கு, தென்னங்கீற்று, யாரோ ஒரு அரசியல்வாதியின் பிறந்தநாள் பிளக்ஸ் எல்லாம் கட்டியிருக்கிறது. அவர்கள் யாரும் விதித்தொகுப்பு படிக்கவில்லை. அவர்களிடம் ஏசி இல்லை, ஆகவே தப்புச் செய்ய வசதியில்லை. வெயிலை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் அந்தத் தப்பை மாதாமாதம் காசு கொடுத்துச் செய்கிறோம். எங்கள் ஏசிகள் உள்ளே இருந்து உறிஞ்சும் சூட்டோடு, தாங்கள் தின்னும் மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியே கக்குகின்றன. அந்தக் காற்றைத்தான் எதிர் ஜன்னலில் புடவை கட்டியவர்களும் சுவாசிக்கிறார்கள். அவர்கள் மாதிரித் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அவர்களையும் சேர்த்துச் சூடாக்கிக்கொண்டிருக்கிறோம்.

கர்ட்டன் துணியின் நிறம், மடிப்பு, ராடின் முனையில் பித்தளை உருண்டை எல்லாம் ரசனை என்று நினைத்திருந்தேன். ரசனை அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் யாரைப் போல இருக்கக் கூடாது என்ற பயம். அரை ஸ்கிரீனைப் பார்த்து வெட்கப்பட்ட பையனுக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. அசோசியேஷன்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

வீடு கட்டப் போகிறீர்களா, வாடகைக்குப் போகிறீர்களா, ஷோரூமுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாள் சாயங்காலம் 4 மணிக்கு அந்த ஜன்னலில் போய் நில்லுங்கள். வெயில் மேலே விழுந்தால் வெளியே ஏதாவது கட்டுங்கள், துணியை அப்புறம் பார்க்கலாம். விழாவிட்டால் கீழ்ப்பாதிக்கு ஒரு பழைய வாயில் புடவையும் ராத்திரிக்கு ஒரு கெட்டித் துணியும் போதும். அசோசியேஷன் கூட்டத்துக்குப் போங்கள். வெளித்தோற்ற விதியில் தட்டிக்கும் மறைப்புக்கும் இடம் கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் வேண்டும் என்றால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

தட்டி இன்னும் தொங்குகிறது. அம்மா ஊருக்குப் போய்விட்டார். இரண்டாவது நோட்டீஸ் வந்திருக்கிறது, இந்த முறை அபராதத் தொகையோடு. ஐந்தாவது மாடியில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் லிஃப்டில் நிறுத்தி, "அந்தத் தட்டி எங்க தம்பி வாங்குனீங்க?" என்று கேட்டார். முகவரியை அனுப்பியிருக்கிறேன். அவரும் கட்டிவிட்டால் அடுத்த கூட்டத்தில் இரண்டு பேராவது இருப்போம்.